மாமாவின் 1975-ஆம் ஆண்டுக் கடிதமும் குடும்பமே நம்பிவந்த ஒரு கைகுலுக்கலும்

ஜெலுத்தோங்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் எங்கள் குடும்பத்தார் கூடும் இடமெல்லாம் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. என் தாய்மாமன் தம் 19-ஆம் வயதில், கோலாலம்பூரில், குத்துச்சண்டை வீரர் முகமது அலியோடு கைகுலுக்கினார் என்பதுதான் அது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் யாராவது ஒருவர் இதைத் தொடங்கிவைப்பார். மாமா சிரிப்பார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற வாரம் அம்மாவின் அலமாரியைத் துடைத்து அடுக்கும்போது, பழைய மைலோ டின் ஒன்றில் ரசீதுகளுக்கும் ஜாதகக் குறிப்புகளுக்கும் நடுவே, மாமா அம்மாவுக்கு எழுதிய கடிதம் அகப்பட்டது. கோடு போட்ட பள்ளி நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே '1-7-75, செவ்வாய் இரவு' என்ற குறிப்பு, பிறகு வழக்கமான நலம் விசாரிப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவரின் எழுத்து. ஒற்றுப் பிழைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

அப்போது மாமா, ஈப்போ நகரின் புந்தோங்கிலிருந்து வந்து கோலாலம்பூரில் கச்சாங் பூத்தே (கடலை, பட்டாணி போன்ற கொறிக்கும் பண்டங்கள்) விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கையாளாக இருந்தார். வழக்கமாகப் பத்து ரோட்டில், கொலிசியம் தியேட்டர் வாசலில்தான் இவர்கள் நிற்பார்கள். அலி பயிற்சி எடுப்பதைப் பார்க்க ஸ்டேடியம் நெகாராவில் மக்கள் திரண்டதால், பெரியவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். அங்கே நடந்ததை மாமா எழுதியபடியே, பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறேன்:

"அக்கா, அலியை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கை தூரம்தான் இருக்கும். படத்தில் பார்ப்பதைவிட உயரம். அடி வாங்குகிறவர் முகம் மாதிரி இல்லை, சினிமாக்காரர் முகம் மாதிரி மழமழவென்று இருந்தது. அதற்குள் கூட்டம் தள்ளிவிட்டது. தட்டு சரிந்து கடலையும் பட்டாணியும் கீழே போயின. அவரோடு வந்த ஆள் ஒருவர், மலை மாதிரி இருந்தார், தட்டின் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தினார். ஐந்து பொட்டலம் வாங்கினார். ஐந்து வெள்ளி நோட்டைக் கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்று கையை ஆட்டினார்."

இவ்வளவுதான். கைகுலுக்கல் எங்கேயும் இல்லை. இதற்கடுத்து வரும் கணக்குதான் நீளமாக இருக்கிறது. ஒரு பொட்டலம் 20 காசு, ஐந்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), மீதி நான்கு வெள்ளி; அதில் கீழே கொட்டிய கடலைக்குப் பெரியவர் ஒன்றரை வெள்ளி கழித்துக்கொண்டு, மிச்சமுள்ள இரண்டரை வெள்ளியைச் சரிபாதியாகப் பிரித்து, மாமாவுக்கு 1 வெள்ளி 25 காசு கொடுத்திருக்கிறார். அலியின் குத்துச்சண்டை நடந்த அன்று காலை மெர்டேக்கா ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று விற்றதையும், உள்ளே ஆரவாரம் எழுந்து அடங்கும் ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு கோடு போட்டதையும் எழுதியிருக்கிறார். கடைசித் தாளின் பின்புறத்தில் அந்தக் கோடுகள் இருக்கின்றன. முடிவாக, "இதை யாரிடமும் பெரிதாகச் சொல்ல வேண்டாம். கடலை விற்கப் போனேன், அவ்வளவுதான்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

என் கேள்விகள் இரண்டு. இந்தக் கடிதம் உண்மையிலேயே அந்த நாளில் எழுதப்பட்டதுதான் என்பதை எப்படி உறுதி செய்வது? மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கும் தாளை எப்படிக் காப்பாற்றுவது?

செந்தூல்வாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமாவின் கடிதத்தைப் படித்தபோது அந்த ஜூன் மாதத்துப் புழுக்கம் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு அப்போது 12 வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்த என் அப்பா, ஒரு நாள் வேலை முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் என்னை ஸ்டேடியம் நெகாராவுக்கு அழைத்துப் போனார். அலி கயிறு தாண்டியதுதான் எனக்கு நினைவில் இருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு தரையில் படுவதே தெரியாமல் எழும்பி இறங்கியது. அப்பாவுக்கோ, அலி பேசிக்கொண்டே இருந்ததுதான் பிடித்திருந்தது. ஆங்கிலம் அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும் என்றாலும், "வாயாலேயே பாதிச் சண்டையை முடித்துவிடுகிறான்" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கச்சாங் பூத்தே தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது பிளாஸ்டிக் பையில் அடைத்துக் கடையில் தொங்கும் பண்டம். அன்று அது அறை அறையாகத் தடுத்த மரத்தட்டு. தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து வருவார்கள். கடலை ஓர் அறையில், பட்டாணி ஓர் அறையில், கொண்டைக்கடலை, முறுக்கு என்று வரிசையாக இருக்கும். பழைய பள்ளி நோட்டுத் தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி அதில் போட்டுக் கொடுப்பார்கள். உங்கள் மாமா கடிதம் எழுதிய தாளும் பொட்டலம் மடிக்க வைத்திருந்த நோட்டிலிருந்து கிழித்ததாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் அந்தத் தட்டு சரிந்தால் அன்றைய பிழைப்பு போனது போலத்தான். ஆகவே கணக்கு நீளமாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

ஐயப்பாட்டாளர் எழுதியது:

யாருடைய மனத்தையும் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். கடிதத்தில் எனக்கு மூன்று இடங்கள் இடறுகின்றன.

முதலாவது தேதி. அலிக்கும் ஜோ பக்னருக்கும் நடந்த சண்டை 1975 ஜூன் 30 என்றுதான் அமெரிக்கப் பதிவுகள் பலவற்றில் காண்கிறேன். உங்கள் மாமா ஜூலை 1-ஆம் தேதி இரவில் அமர்ந்து, அன்று காலை சண்டை நடந்தது என்கிறார். இரண்டாவது, உலகப் பட்டத்துக்கான சண்டையைக் காலை வெயிலில் வைப்பார்களா? குத்துச்சண்டை என்றாலே இரவு நேரக் காட்சி அல்லவா? மூன்றாவது, அந்தக் கோடுகள் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. சண்டை 15 சுற்றுகள் முழுமையாக நடந்து, நடுவர்களின் புள்ளிக் கணக்கில் அலி வென்றார். கோடுகள் 15 இருந்தால் சரி. இல்லையென்றால், வெளியே நின்று எண்ணினேன் என்பதையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பழைய தேதியிட்டு எழுதும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் சொந்தத் தாத்தாவே அப்படிச் செய்தவர்தான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முப்பது ஆண்டுகள் நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். ஐயப்பாட்டாளரின் முதல் இரண்டு ஐயங்களும் உண்மையில் கடிதத்துக்குச் சாதகமானவை.

சண்டை கோலாலம்பூரில் காலையில்தான் நடந்தது. அமெரிக்காவில் இரவு நேரத்தில் மக்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அன்று கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் அரை மணி நேரம் கூட்டி, இன்றுள்ள எட்டு மணி நேரக் கணக்குக்கு வந்தோம். நியூயார்க் கோடைக் காலத்தில் கிரீன்விச்சுக்கு நான்கு மணி நேரம் பின்னால் இருக்கும். ஆக, 1975-இல் இரண்டு ஊர்களுக்கும் இடையே பதினொன்றரை மணி நேர வேறுபாடு. இங்கே செவ்வாய்க்கிழமை காலை 10 மணி என்றால், அங்கே திங்கட்கிழமை இரவு 10.30. ஒரே சண்டை, அங்கே ஜூன் 30, இங்கே ஜூலை 1. 1975 ஜூலை 1 செவ்வாய்க்கிழமைதான்; நாட்காட்டியைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதியவராக இருந்தால், பெரும்பாலும் ஜூன் 30 என்றுதான் போட்டிருப்பார். பகல் வெயிலில் நின்றவருக்குத்தான் தேதியும் கிழமையும் தடுமாறாமல் வரும்.

தெருப்பெயர் எதுவும் கடிதத்தில் இருந்தால் சொல்லுங்கள். பழைய கடிதங்களுக்குத் தெருப்பெயரைவிட நல்ல சாட்சி கிடையாது.

தாளைப் பற்றி: தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். அன்பின் மிகுதியால் நம்மவர்கள் செய்யும் பெரிய கொடுமை அதுதான். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளைக் கிழிக்காமல் பிரிக்கவே முடியாது. மடிப்பில் செலோடேப்பும் ஒட்டக் கூடாது. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். மடிப்பை மெல்லப் பிரித்துச் சமமாக வைத்து, அமிலமற்ற காகித உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பினாங்கின் கடற்காற்று ஈரமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் ஒரு தாள் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் இருபுறமும் நல்ல தெளிவோடு வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துவிடுங்கள், வெறுமையாகத் தோன்றும் ஓரங்களையும் சேர்த்து. அந்த மைலோ டின்னைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆனால் கடிதத்தை மீண்டும் அதற்குள் போடவும் வேண்டாம்.

கம்போங் மலபார் பேரன் எழுதியது:

பேச்சை வேறு பக்கம் இழுப்பதாக எண்ண வேண்டாம், இது இதே பொருள்தான். பினாங்கில் மலாய்த் திரைப்பட நடிகரும் பாடகருமான பி. ரம்லியைப் பற்றி இப்படி ஒரு கதை இல்லாத வீடு கிடையாது. அவர் 1929-இல் இந்தத் தீவில் பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர், 1948-இல் சிங்கப்பூருக்குத் திரைப்படத்தில் பாடப் போனவர். அவரை முதல் படத்தில் இயக்கிய பி. எஸ். ராஜ்ஹான்ஸ், 1950-இல் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன் எல்லாருமே இந்திய வம்சாவளியினர் என்பதால் நம்மவர் வீடுகளில் உரிமை சற்றுக் கூடுதலாகவே கொண்டாடப்படும். அவர் சாப்பிட்டதாகச் சொல்லப்படும் நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்த மனிதருக்குப் பாடவும் நடிக்கவும் நேரமே இருந்திருக்காது.

என் பெரியப்பா, பி. ரம்லி தம் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார் என்று எழுபது வயது வரை சொல்லிக்கொண்டிருந்தார். படம் எங்கே என்றால் வெள்ளத்தில் போய்விட்டது என்பார். உங்கள் மாமா 'அவர் என்னைப் பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வரிக்காகவே நான் அவரை நம்புகிறேன். பொய் சொல்கிறவர் தம்மைப் பிரபலம் பார்த்ததாகத்தான் முதலில் சொல்வார்.

ஜெலுத்தோங்காரி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு மிக்க நன்றி. லேமினேட் செய்யலாம் என்று கடைவரை போய்விட்டுத்தான், கூட்டமாக இருந்ததால் திரும்பி வந்தேன். கூட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கோடுகளை மூன்று முறை எண்ணினேன். ஐந்தைந்தாக, நாலு கோடு நேராகவும் ஐந்தாவது குறுக்காகவும் போட்டிருக்கிறார். அப்படி இரண்டு கட்டு முழுமையாக இருக்கிறது. மூன்றாவது கட்டில் நாலு கோடுதான் இருக்கிறது, குறுக்குக் கோடு இல்லை. மொத்தம் 14. ஐயப்பாட்டாளர் அண்ணனுக்கு இது மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன்.

தெருப்பெயர் இருக்கிறது. பயிற்சி முடிந்து "டேவிட்சன் ரோடு வழியாக நடந்தே இறங்கிப் பெட்டாலிங் ஸ்திரீட்டில் மீ சாப்பிட்டோம்" என்று எழுதியிருக்கிறார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

டேவிட்சன் ரோடு என்பது இன்றைய ஜாலான் ஹங் ஜெபாட். ஸ்டேடியம் நெகாராவும் மெர்டேக்கா ஸ்டேடியமும் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. அங்கிருந்து பெட்டாலிங் ஸ்திரீட்டுக்கு இறங்கி நடப்பது சரியான வழி. ஜாலான் துவாங்கு அப்துல் ரகுமானைப் பத்து ரோடு என்றே எழுதுவதும் அந்தத் தலைமுறையின் பழக்கம்.

ஐயப்பாட்டாளர் எழுதியது:

14 என்பது மகிழ்ச்சி தரவில்லை, சகோதரி, உறக்கத்தைத்தான் கெடுத்தது. நேற்று இரவு அந்தச் சண்டையின் ஒளிப்பதிவைத் தேடிப் பிடித்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன். பக்னர் 1973-இல் லாஸ் வேகாஸில் ஏற்கெனவே ஒரு முறை அலியிடம் தோற்றவர் என்பதாலோ என்னவோ, இம்முறை பெரும்பாலும் கைகளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டே காலத்தைக் கடத்துகிறார். அலியும் அந்த வெப்பத்தில் தேவைக்கு மேல் அசைவதாகத் தெரியவில்லை. எட்டு மாதங்களுக்கு முன் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திய மனிதரையும், மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு உயிரைக் கொடுத்துப் போராடப்போகும் மனிதரையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், நடுவில் வந்த இந்தச் சண்டை சப்பென்றுதான் இருக்கிறது.

உங்கள் மாமா மணியோசையைக் கேட்டு எண்ணியதாகச் சொல்லவில்லை. ஆரவாரம் எழுந்து அடங்குவதைக் கேட்டு எண்ணியதாகச் சொல்கிறார். அப்படியென்றால், ஆரவாரமே எழாத ஒரு சுற்றாவது இருந்திருக்கும். பதினைந்தில் ஒன்றுதான் தவறியது என்பதே எனக்கு வியப்பு. மறுநாள் செய்தித்தாளைப் பார்த்து எழுதியவர் தயங்காமல் 15 போட்டிருப்பார். என் மூன்றாவது ஐயத்தையும் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் இதனால் வேறொரு கேள்வி பெரிதாகிறது. எழுதியவர் இவ்வளவு கறாரான மனிதர். கழித்த ஒன்றரை வெள்ளியைக்கூட விடாமல் எழுதியவர். பெரிதாகச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர். அப்படியானால் அந்தக் கைகுலுக்கல் எங்கிருந்து வந்தது? அவர் சொல்லவில்லை என்றால் யார் சொன்னார்கள்?

செந்தூல்வாசி எழுதியது:

நானும் அதையே கேட்க நினைத்தேன். கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும், சகோதரி.

ஜெலுத்தோங்காரி எழுதியது:

பதில் எழுதப் பத்து நாட்களுக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

அம்மாவுக்கு இப்போது 73 வயது, கண்புரை காரணமாகப் படிக்க முடியவில்லை. கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். தட்டு சரிந்த இடத்தில் சிரித்தார். கணக்கு வந்தபோது, வாய்க்குள்ளேயே கூட்டிக் கழித்து, "சரியாத்தான் பிரிச்சிருக்கார் பெரியவர்" என்றார். முடித்ததும், கைகுலுக்கல் இல்லையே அம்மா என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது நான் போட்டது" என்றார்.

மாமாவுக்குப் பெண் பார்த்த காலத்தில் அவர் லாரியில் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். கையில் தொழில் இல்லை, சொந்த வீடு இல்லை, பெற்றவர்களும் இல்லை. சபையில் பேச அக்காள் ஒருத்திதான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண் கேட்டுப் போனபோது, வரவேற்பறைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் முகமது அலியின் படம் ஒன்று, நாட்காட்டியிலிருந்து வெட்டி, சட்டம் போட்டு மாட்டியிருந்ததாம். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். அம்மா சுவரைப் பார்த்தார், "என் தம்பி இவரோடு கைகுலுக்கியவன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஸ்டேடியம், கூட்டம், அலியின் உயரம், மழமழப்பான முகம் என்று கடிதத்தில் படித்ததையெல்லாம் அம்மாவே எடுத்துக் கொடுக்க, மாமா தலையைக் குனிந்தபடி தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தாராம். திரும்பி வரும் பேருந்தில் மட்டும், "என்னக்கா இப்படிச் சொல்லிட்டே" என்று ஒரு முறை கேட்டிருக்கிறார். "சொன்னது சொன்னதுதான், சபையில விழுந்த வார்த்தை" என்று அம்மா சொன்னதோடு முடிந்தது. அதன்பின் சாகும்வரை அவர் அக்காளின் வார்த்தையை மறுத்ததில்லை.

இந்தக் கடிதத்தை மாமாவின் மனைவியான அத்தையிடம் காட்டலாமா, மறைத்துவிடலாமா என்று எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் நான் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அத்தை பெரிதாக ஒன்றும் அதிர்ந்துவிடவில்லை. "கல்யாணமான மறுவாரமே சொல்லிட்டாரும்மா. அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்னார். அப்பா போற வரைக்கும் நான் சொல்லல" என்றார். அப்படியென்றால் நாற்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் அந்தக் கதையை நாங்கள் கொண்டாடியபோதெல்லாம், உண்மை தெரிந்த மூன்று பேர் அதே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி இருபுறமும் வருடி எடுத்துவிட்டேன். தாள் இப்போது உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. முழுக் கடிதத்தையும் அனுப்பட்டுமா என்று அத்தையிடம் கேட்டதற்கு, அலி வரும் பக்கம் தமக்கு வேண்டாம் என்றார். கணக்கு எழுதி, கீழே கோடு போட்டிருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிப் படியெடுத்துத் தரச் சொன்னார். வீட்டுக் கணக்கையும் மாமா அப்படித்தான் எழுதுவாராம், கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிட்டு. நாளை காலை படியெடுத்துத் தபாலில் சேர்க்கிறேன்.